அமெரிக்க ஹைஸ்கூலை எப்படி எடைபோடுவது? கணிதத் தேர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாற்றப் போகிறவர்கள், பிள்ளை எட்டாம் வகுப்பை முடிக்கப் போகிறவர்கள், பள்ளிக் கூட்டத்துக்குப் போய்க் குழம்பித் திரும்பியவர்கள் என்று பலரும் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். அமெரிக்காவின் பப்ளிக் ஹைஸ்கூல்களைப் பற்றி, அதிலும் கணிதத்தைப் பற்றி, அப்படி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே. தனியார் பள்ளிகளை இதில் சேர்க்கவில்லை. அவை பெரும்பாலும் மாநிலத் தேர்வுகளை எழுதுவதில்லை என்பதால் ஒப்பிட எண்களே கிடைப்பதில்லை.

பள்ளியின் பக்கத்தில் “கணிதத்தில் 41 சதவீதம் புரஃபிஷியன்ட்” என்று போட்டிருக்கிறது. மீதி 59 சதவீதம் பேர் ஃபெயிலா?

இல்லை. அது பாஸ், ஃபெயில் கணக்கே இல்லை. மாநிலம் நடத்தும் ஒரு தேர்வில், மாநிலமே போட்ட ஒரு கோட்டைத் தாண்டியவர்கள் 41 சதவீதம், அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே நின்றவர்களில் பலர் வகுப்பில் நல்ல கிரேடு வாங்கி அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

2015 டிசம்பரில் கையெழுத்தான ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டப்படி மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் கணிதத் தேர்வு உண்டு. ஹைஸ்கூலின் நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் கட்டாயம். ஆக, நான்கு வருஷப் படிப்பைப் பற்றி நீங்கள் பார்க்கும் அந்த எண் ஒரே ஒரு தேர்விலிருந்து வருகிறது. எந்தத் தேர்வு என்பதையும் மாநிலம்தான் முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவில் பதினொன்றாம் வகுப்பில் ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வு. டெக்சஸில் அல்ஜீப்ரா 1 பாடம் முடிந்ததும் எழுதும் ஸ்டார் தேர்வு. மிஷிகன், கனெக்டிகட் மாநிலங்களில் கல்லூரிக்காக எழுதும் அதே எஸ்.ஏ.டி. நியூயார்க்கில் ரீஜென்ட்ஸ். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு மாதிரி எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்ற நினைப்போடு இந்த எண்களைப் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

அப்படியானால் நியூஜெர்சி பள்ளியையும் டெக்சஸ் பள்ளியையும் ஒப்பிடவே முடியாதா?

அந்தச் சதவீதத்தை வைத்து முடியாது. கேள்வித்தாள் வேறு, எழுதும் வகுப்பு வேறு, கோடும் வேறு.

கோடு எவ்வளவு வளையும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 2002 ஜனவரியில் கையெழுத்தான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம், 2014க்குள் எல்லா மாணவர்களும், ஆமாம், நூற்றுக்கு நூறு பேரும், புரஃபிஷியன்ட் ஆகிவிட வேண்டும் என்றது. ஆனால் எது புரஃபிஷியன்ட் என்பதை மாநிலங்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிட்டது. அப்புறம் என்ன நடக்கும்? சில மாநிலங்கள் கோட்டைத் தாழ்த்திக்கொண்டன. இன்றைக்கும் மாநிலங்களின் கோடுகளை நேப் என்ற தேசியத் தேர்வின் அளவுகோலில் பொருத்திப் பார்த்தால், பெரும்பாலான மாநிலங்களின் ‘புரஃபிஷியன்ட்’ அங்கே அதற்கு ஒரு படி கீழான ‘பேசிக்’கில்தான் விழுகிறது.

மாநிலம் தாண்டி ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் எஸ்.ஏ.டி. சராசரியோ, ஏ.பி. எனப்படும் கல்லூரி மட்டப் பாடங்களின் தேர்வு மதிப்பெண்களோ கொஞ்சம் உதவும். அங்கேயும் யார் யார் எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். மிஷிகனில் பதினொன்றாம் வகுப்பு முழுவதும் எழுதுகிறது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் எழுதும் மாநிலத்தில் சராசரி தானாகவே ஏறிவிடும்.

நேப் தேர்வில் பன்னிரண்டாம் வகுப்பில் 22 சதவீதம் பேர்தான் புரஃபிஷியன்ட் என்று செய்தி வந்ததே, நாடே கணக்கில் தோற்றுவிட்டதா?

2024ல் நடந்த தேர்வு அது. முடிவு 2025 செப்டம்பரில் வந்தது. எண் சரிதான். ஆனால் நேப் வைத்திருக்கும் ‘புரஃபிஷியன்ட்’ உயரமான கோடு. அந்த வகுப்புக்குரிய அளவு என்று அதற்கு அர்த்தம் இல்லை என்று தேர்வை நடத்துபவர்களே சொல்கிறார்கள். தலைப்புச் செய்திகளில்தான் அது காணாமல் போகிறது.

கவலைப்பட வேண்டிய எண் பக்கத்திலேயே இருந்தது. ‘பேசிக்’ படியைக்கூடத் தொடாதவர்கள் 45 சதவீதம். 2019ல் அது 40. எட்டாம் வகுப்பிலும் 2019ல் 34 சதவீதமாக இருந்த புரஃபிஷியன்ட் எண்ணிக்கை 2022ல் 26 ஆகச் சரிந்தது. கொரோனா ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் கீழ்த்தட்டு மாணவர்களின் மதிப்பெண் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது. மேலே உள்ளவர்கள் ஓரளவு தாக்குப்பிடிக்க, கீழே உள்ளவர்கள் மேலும் கீழே போகிறார்கள். ஒரே பள்ளிக்குள்ளும் இந்த இடைவெளி இருக்கும். சராசரி அதை மறைத்துவிடும்.

நேப் பள்ளிவாரியாக முடிவு தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பள்ளியின் நேப் மதிப்பெண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் ஊர் ஹைஸ்கூலில் அல்ஜீப்ரா 1 தேர்ச்சி குறைவாக இருக்கிறது. ஆனால் அங்கிருந்து நல்ல கல்லூரிகளுக்கு நிறைய பேர் போகிறார்கள். எப்படி?

கேட்க வேண்டிய கேள்வி இது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அல்ஜீப்ரா 1 பாடத்தின் முடிவில் தேர்வு வைக்கும் மாநிலங்களில், கணிதத்தில் வேகமாகப் போகும் பிள்ளைகள் அந்தப் பாடத்தை எட்டாம் வகுப்பிலேயே, சிலர் ஏழாம் வகுப்பிலேயே முடித்துவிடுவார்கள். அவர்கள் எழுதிய தேர்வு மிடில் ஸ்கூல் கணக்கில் ஏறிவிடும். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 எடுப்பவர்கள் மீதிப் பேர். போன வருஷம் தேறாமல் மறுபடி எழுதுபவர்களும் அதில் சேரலாம். ஆகவே ஹைஸ்கூலின் பெயரில் வரும் சதவீதத்தில் அந்தப் பள்ளியின் வலுவான மாணவர்கள் அனேகமாக இருக்கவே மாட்டார்கள். முன்கூட்டியே முடித்தவர்கள் ஹைஸ்கூலில் வேறொரு மேல்நிலைத் தேர்வு எழுத வேண்டும் என்கிறது சட்டம். டெக்சஸில் அதற்கு எஸ்.ஏ.டி. அல்லது அதே மாதிரியான கல்லூரி நுழைவுத் தேர்வான ஏ.சி.டி. பயன்படுகிறது. பெரும்பாலான ரேட்டிங் பக்கங்களில் இந்த விவரம் கண்ணில் படாது.

இதில் வேடிக்கை, மிடில் ஸ்கூலில் எவ்வளவு அதிகம் பேரை அல்ஜீப்ராவுக்கு அனுப்புகிறார்களோ அவ்வளவுக்கு ஹைஸ்கூலின் அல்ஜீப்ரா எண் மோசமாகத் தெரியும்! கலிஃபோர்னியா மாதிரி பதினொன்றாம் வகுப்பு மொத்தமும் எழுதும் மாநிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. எனவே எண்ணைப் பார்க்கும் முன் எந்தத் தேர்வு, எந்த வகுப்பில் என்று பாருங்கள்.

அதற்காக அந்தக் குறைந்த எண்ணை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கும் சாதாரணப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி எப்படிச் சொல்லித்தருகிறது என்பதை அந்த எண்தான் காட்டுகிறது. உங்கள் பிள்ளை அந்த வகுப்பில் உட்காரப் போகிறதா என்பதுதான் மிச்சக் கேள்வி.

ஒரு பள்ளிக்கு ரேட்டிங் 9, இன்னொன்றுக்கு 6. வித்தியாசம் ஆசிரியர்களாலா?

ஆசிரியர்களால் இருக்கலாம். பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தால்.

கிரேட்ஸ்கூல்ஸ் என்ற இணையதளம் தரும் 1 முதல் 10 வரையிலான எண் சில்லோ போன்ற வீட்டு விற்பனைத் தளங்களிலும் தெரிவதால் அது வீட்டு விலையோடு ஒட்டிக்கொண்டது. யு.எஸ். நியூஸ் தரவரிசையில் 30 சதவீத எடை ஏ.பி., ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) சார்ந்த கல்லூரித் தயார்நிலைக்கு. மாநிலத் தேர்வுத் தேர்ச்சிக்கு 20, மாணவர்களின் பின்னணியை வைத்து எதிர்பார்த்ததைவிட எப்படி எழுதினார்கள் என்பதற்கு 20, மிச்சம் மற்றவற்றுக்கு. இந்த இரண்டாவது 20 நல்ல விஷயம். ஆனால் மொத்த எண்ணுக்குள் அது கரைந்துவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான தேர்வு முடிவுகளைத் திரட்டி ஆராய்ந்தவர். அவர் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. சராசரி மதிப்பெண் குடும்பங்களின் வசதியோடு கிட்டத்தட்டக் கைகோத்துப் போகிறது. ஆனால் ஒரு வருஷத்தில் மாணவர்கள் எவ்வளவு வளர்கிறார்கள் என்பது அப்படி இல்லை. ஏழ்மையான பள்ளி மாவட்டங்களிலும் வேகமான வளர்ச்சி இருக்கிறது, பணக்காரப் பள்ளி மாவட்டங்களிலும் மந்தமான வளர்ச்சி இருக்கிறது. சிகாகோ மாணவர்கள் மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டு அளவுக்கு முன்னேறினார்கள் என்று 2017ல் அவர் காட்டினார். சிகாகோ பள்ளிகளைப் பற்றி நம்மவர்கள் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் இது தெரியாது.

அந்த வளர்ச்சி எண்ணை எங்கே பார்ப்பது?

மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் ரிப்போர்ட் கார்டில். பெயர் மாறும்: சில இடங்களில் ‘க்ரோத்’, சில இடங்களில் ‘ப்ராக்ரெஸ்’, டென்னசியில் ‘வேல்யூ ஆடட்’. ஒரு குறை, ஹைஸ்கூலில் கட்டாயத் தேர்வு ஒன்றுதான் என்பதால் வளர்ச்சியை அளப்பது கடினம். எட்டாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் நடுவே மூன்று வருஷ இடைவெளி விழுகிறது. உங்கள் ஹைஸ்கூலுக்கு வளர்ச்சி எண்ணே இல்லை என்றால், அங்கே பிள்ளைகளை அனுப்பும் மிடில் ஸ்கூலின் வளர்ச்சியைப் பாருங்கள். கணிதத்தில் பாதி விஷயம் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

இந்தப் பள்ளியில் 25 ஏ.பி. பாடங்கள் உண்டு. இதைவிடத் தரத்துக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

வேறு மூன்று விஷயங்கள் வேண்டும். எத்தனை பேர் அந்தப் பாடங்களை எடுக்கிறார்கள், எடுத்தவர்களில் எத்தனை பேர் மே மாதத் தேர்வை எழுதுகிறார்கள், எழுதியவர்களில் எத்தனை பேர் ஐந்துக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்குகிறார்கள். பாடப் பட்டியல் மட்டும் ஒன்றும் சொல்லாது.

தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் தப்பு வரும். இரண்டு கால்குலஸ் தேர்வுகளில் பாடப்பகுதி அதிகமுள்ள பி.சி. தேர்வில் 2024ல் எழுதியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கினார்கள். தேர்வு எளிது என்பதால் இல்லை. அந்த வகுப்பு வரை வடிகட்டி வந்தவர்கள் மட்டுமே எழுதுகிறார்கள் என்பதால். ஒரு பள்ளி பத்துப் பேரை மட்டும் உட்கார வைத்துப் பத்துப் பேரும் 5 வாங்கினார்கள் என்று பெருமைப்படலாம். இன்னொரு பள்ளி நூறு பேரைச் சேர்த்து அறுபது பேரைத் தேற வைக்கலாம். இரண்டாவது பள்ளிதான் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பது என் கட்சி.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்ட் ஹைஸ்கூலை உதாரணமாகச் சொல்லலாம். பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலான்டே அங்கே 1974ல் ஆசிரியராகச் சேர்ந்தார். 1982ல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏ.பி. கால்குலஸில் தேறினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி. தேர்வு நடத்திய நிறுவனம் 14 பேருடைய விடைத்தாள்களைச் சந்தேகப்பட்டது. அவர்களில் 12 பேர் மறுபடி எழுதினார்கள், 12 பேரும் தேறினார்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முந்தைய எட்டு வருஷங்கள். கால்குலஸ் வகுப்பைத் தொடங்கியதோடு அவர் நிற்கவில்லை. அதற்குக் கீழே உள்ள அல்ஜீப்ரா வகுப்புகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, கோடைகாலத்தில் வகுப்பு வைக்க வேண்டியிருந்தது, உடன் நின்ற சக ஆசிரியர்களும் பள்ளி முதல்வரும் தேவைப்பட்டார்கள். 1991ல் அவர் போன பிறகு அந்த எண்ணிக்கை இறங்கிப்போனது. ஏ.பி. பாடங்களின் தரம் கீழ் வகுப்புகளில் உருவாகிறது. அது ஓரிரு ஆசிரியர்களை மட்டும் நம்பி நிற்கிறதா என்றும் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஏ.பி.யா, ஐ.பி.யா?

கணிதத்துக்கு இரண்டுமே போதும். ஏ.பி.யில் வேண்டிய பாடத்தை மட்டும் எடுக்கலாம். ஐ.பி. டிப்ளமோ இரண்டு வருஷ மொத்தத் தொகுப்பு, நிறைய எழுத்து வேலை இருக்கும். ஐ.பி.யில் கணிதத்துக்கு இரண்டு கிளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு நிலைகள். பொறியியல் எண்ணம் உள்ள பிள்ளைக்கு ‘அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்’ உயர்நிலை. பள்ளி ஐ.பி. என்று சொல்லிக்கொண்டு அந்த உயர்நிலைக் கணிதத்தை நடத்துவதில்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் அப்படி இருக்கிறது.

பிள்ளை கணக்கில் எப்போதும் ‘ஏ’ வாங்குகிறான். மாநிலத் தேர்வில் மட்டும் கோட்டைத் தாண்டவில்லை. எதை நம்புவது?

இரண்டையும் பாதி பாதி. ஆனால் சந்தேகம் வந்தால் தேர்வின் பக்கம் சாயுங்கள்.

கிரேடு என்பது வீட்டுப்பாடம், வகுப்பில் பங்கேற்பு, மறுதேர்வு, சில இடங்களில் கூடுதல் மதிப்பெண் வேலை எல்லாம் சேர்ந்தது. ஒழுங்காக வேலையை முடித்துக் கொடுக்கும் பிள்ளைக்கு ‘ஏ’ கிடைத்துவிடும், பின்னங்களில் தடுமாறினாலும். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைப் போட்டு உடைத்தது. 2020க்கும் 2025க்கும் இடையில், ஹைஸ்கூல் மட்டத்துக்கும் கீழான கணிதத் திறனோடு வந்து சேர்ந்த முதலாண்டு மாணவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 30 மடங்கு கூடியதாம். அவர்களில் பலர் பள்ளியில் மேல்நிலைக் கணிதப் பாடங்களை நல்ல கிரேடோடு முடித்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இப்போது சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. வடிகட்டப் பெரும்பாலும் கிரேடைத்தான் நம்ப வேண்டியிருந்தது, அது வடிகட்டவில்லை.

ஹைஸ்கூலை முடித்து டிப்ளமோ வாங்குபவர்களின் சதவீதத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நாடு முழுவதும் 2010-11ல் 79 சதவீதமாக இருந்தது 2021-22ல் 87 ஆகிவிட்டது. அதே காலத்தில் கணிதத் தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. டிப்ளமோ வாங்குவது எளிதாகியிருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எஸ்.ஏ.டி. மாதிரித் தேர்வு இலவசமாகக் கிடைக்கிறது. கணிதப் பகுதியில் 530 என்பது கல்லூரிக்குத் தயார் என்று அதை நடத்துபவர்கள் வைத்திருக்கும் எல்லை. பத்தாம் வகுப்பில் ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள்.

எந்தப் பிள்ளை வேகமான கணிதப் பாதையில் போகும் என்று எப்போது முடிவாகிறது?

பெரும்பாலான பெற்றோர் நினைப்பதைவிட ரொம்ப முன்னால். ஐந்தாம் வகுப்பு முடிவிலோ ஆறாம் வகுப்பிலோ.

கணக்கு எளிது. வழக்கமான வரிசை அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். ஐந்து பாடங்கள், ஹைஸ்கூலில் நான்கு வருஷம். அதனால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் வேண்டுமென்றால் அல்ஜீப்ரா 1 எட்டாம் வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஆறாம், ஏழாம் வகுப்புகளில் பாடத்தைச் சுருக்கிப் படித்திருக்க வேண்டும். ‘இன்டக்ரேட்டட் மேத் 1, 2, 3’ என்று நடத்தும் மாவட்டங்களிலும் கணக்கு இதேதான், பெயர்தான் வேறு.

யார் அந்தப் பாதையில் சேர்வது என்பது பல இடங்களில் ஆசிரியரின் பரிந்துரை, பெற்றோரின் நச்சரிப்பு ஆகியவற்றைப் பொறுத்து இருந்தது. நச்சரிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கியும் விடுபட்டார்கள். சில மாநிலங்கள் இதைச் சட்டமாகவே சரிசெய்தன. வட கரோலினாவில் 2018 முதல், மாநிலத் தேர்வில் உச்ச நிலை பெற்ற மாணவருக்கு மேம்பட்ட கணிதம் தர வேண்டும். டெக்சஸ் 2023ல் கொண்டுவந்த சட்டப்படி, ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் மேல் 40 சதவீதத்தில் வருபவர்கள் ஆறாம் வகுப்பில் தானாகவே அந்தப் பாதையில் சேர்க்கப்படுவார்கள். வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக்கொடுத்து விலகலாம்.

சான் ஃபிரான்சிஸ்கோ இதற்கு நேர் எதிராகப் போய்ப் பார்த்தது. 2014ல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவையே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்பதில் ஒன்றாகப் படித்தால் ஏற்றத்தாழ்வு குறையும் என்ற நல்லெண்ணம். வசதி உள்ளவர்கள் வெளியே பணம் கட்டி அல்ஜீப்ரா படிக்க வைத்தார்கள், இல்லாதவர்களுக்கு வழி அடைபட்டது. கடைசியில் 2024ல் பள்ளி வாரியம் அதைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது. அந்த மார்ச் மாதம் வாக்காளர்களும் ஆலோசனை வாக்கெடுப்பில் பெருவாரியாக ஆதரித்தார்கள்.

பிள்ளை பாதையில் இல்லை என்றால் வழி அடைபட்டுவிட்டதாக அர்த்தமில்லை. ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2வையும் ஒரே வருஷத்தில் எடுப்பது, கோடையில் ஒரு பாடத்தை முடிப்பது, பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் எடுப்பது என்று இருக்கிறது. மூன்றில் கோடைப் பாடத்தைக் கடைசியாக வையுங்கள். ஆறு வாரத்தில் முடித்த ஜியாமெட்ரி ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

கால்குலஸ் இல்லாமல் நல்ல கல்லூரி கிடைக்காதா?

பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் என்றால் இருப்பது நல்லது. மற்றவற்றுக்கு ஏ.பி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அதிகம் பயன்படும். அமெரிக்க ஹைஸ்கூல்களில் ஏறக்குறைய பாதியில் கால்குலஸ் வகுப்பே கிடையாது, அதிலும் கறுப்பின, லத்தீன் மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளில் இன்னும் குறைவு. கல்லூரிகளுக்கு இது தெரியும். பள்ளியில் இருப்பதை எடுத்தாயா என்றுதான் பார்ப்பார்கள். அல்ஜீப்ரா 2 ஆட்டம் காணும் நிலையில் கால்குலஸுக்கு ஓடுவதைவிட அல்ஜீப்ராவைக் கெட்டியாகப் பிடிப்பது மேல். கால்குலஸில் விழுபவர்களில் பெரும்பாலோர் விழுவது அதன் அல்ஜீப்ராவில்தான்.

இந்தியாவில் ஒன்பதாவது முடித்துவிட்டு இங்கே பத்தில் சேர்கிறாள். பாடங்களை ஒதுக்கும் பள்ளிக் கவுன்சிலர் அல்ஜீப்ரா 1ல் போட்டுவிட்டார். சரியா?

அனேகமாகச் சரியில்லை. இந்தியப் பாடத்தில் அல்ஜீப்ரா, வடிவியல், கொஞ்சம் முக்கோணவியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் கலந்து வருவதால் இங்குள்ள கவுன்சிலருக்கு எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரிவதில்லை. பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று கீழே போட்டுவிடுகிறார்கள். எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வு வையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், பாடத்திட்டத்தின் பிரதியையும் கொடுங்கள். பள்ளி தொடங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் கேட்டால் மாற்றுவது எளிது, செமஸ்டர் பாதியில் கேட்டால் இழுத்தடிக்கும். மேலே போவதற்கு முன் வரைபடங்களையும் சார்புகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே அவற்றுக்கு முக்கியத்துவம் அதிகம், கால்குலேட்டரும் சர்வ சாதாரணம்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் கூமோனுக்கோ வேறு கோச்சிங்குக்கோ போகிறார்கள். பள்ளியின் உயர்ந்த எண் பள்ளியால் வந்ததா, கோச்சிங்கால் வந்ததா?

பிரித்துச் சொல்லும் எண் எதுவும் கிடையாது. ஒரு வழி, ரிப்போர்ட் கார்டில் ‘எகனாமிகலி டிஸட்வான்டேஜ்டு’ என்ற பிரிவின் தேர்ச்சியைப் பார்ப்பது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அதில் இருப்பார்கள். பெரிய எண் 80 என்று இருந்து இந்தப் பிரிவு 30ல் நின்றால், பள்ளிக்கு வெளியே யாரோ நிறைய வேலை செய்கிறார்கள் என்று ஊகிக்கலாம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் இதே பிரிவோடு ஒப்பிட்டால் இன்னும் தெளியும்.

அந்தப் பிரிவில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கிறது.

மாணவர்கள் மிகக் குறைவு. யார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக மறைக்கிறார்கள். ‘95க்கு மேல்’, ‘5க்குக் கீழ்’ என்று போடுவதும் அதற்குத்தான்.

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் இந்தத் தேர்வை மதிப்பதே இல்லையாமே?

பல இடங்களில் உண்மை. கிரேடில் சேராது, கல்லூரி கேட்காது, ஏ.பி. தேர்வுகள் நடக்கும் வசந்த காலத்திலேயே இதுவும் வருகிறது. சட்டம் 95 சதவீதம் பேர் எழுத வேண்டும் என்கிறது. ஆனால் ஒரிகன் போன்ற மாநிலங்களில் பெற்றோர் கையெழுத்திட்டு விலக்கிக்கொள்ளலாம். பங்கேற்பு 70 சதவீதம் என்றால் அந்தத் தேர்ச்சி எண்ணை மறந்துவிடுங்கள். எஸ்.ஏ.டி.யையே மாநிலத் தேர்வாக வைத்திருக்கும் இடங்களில் இந்த அலட்சியம் குறைவு.

பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். என்ன கேட்கலாம்?

கட்டடத்தையும் ரோபாட்டிக்ஸ் கோப்பைகளையும் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ரா 1 பற்றி. அதை யார் நடத்துகிறார்? துறையின் அனுபவசாலியா, போன மாதம் சேர்ந்தவரா? பல பள்ளிகளில் மூத்த ஆசிரியர்கள் கால்குலஸை எடுத்துக்கொண்டு, அதிகம் உதவி தேவைப்படும் வகுப்பைப் புதியவர் தலையில் கட்டிவிடுவார்கள். போன வருஷம் அல்ஜீப்ரா 1ல் எத்தனை பேர் தேறவில்லை, அவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். “மறுபடி எடுக்கிறார்கள்” என்பது பதிலே இல்லை. கூடவே ஒரு உதவி வகுப்பு ஓடுகிறது, வாரத்தில் இத்தனை நாள், இந்த ஆசிரியர் என்று விவரம் வந்தால் அது பதில்.

கணித ஆசிரியர் பணியிடம் ஏதாவது காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அனுபவமற்ற ஆசிரியர்கள், தற்காலிகச் சான்றிதழில் இருப்பவர்கள், தம் பாடமல்லாததை நடத்துபவர்கள் எத்தனை பேர் என்று ரிப்போர்ட் கார்டில் போட வேண்டும் என்பது சட்டம். யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் ‘டைட்டில் 1’ நிதியைப் பெறும் பள்ளி என்றால் உங்கள் பிள்ளையின் ஆசிரியருடைய தகுதியை எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு.

முடிந்தால் நடுத்தர வகுப்பு ஒன்றில் பத்து நிமிஷம் உட்கார அனுமதி கேளுங்கள். ஆனர்ஸ் வகுப்பைத்தான் காட்டுவார்கள். பணிவாக மறுத்து, சாதாரண ஜியாமெட்ரி வகுப்பைக் கேளுங்கள்.

வீடு வாங்கியாகிவிட்டது. இந்த வருஷம் பள்ளியின் எண் திடீரென்று விழுந்திருக்கிறது. பதற வேண்டுமா?

முதலில் தேர்வு மாறியதா என்று பாருங்கள். இல்லினாய் மாநிலம் 2024 வரை எஸ்.ஏ.டி. வைத்திருந்தது, 2025 முதல் ஏ.சி.டி.க்கு மாறிவிட்டது. விஸ்கான்சின் 2024ல் தேர்ச்சிக் கோடுகளையே மாற்றியது. இப்படி மாறிய வருஷத்தில் எண் ஏறினாலும் இறங்கினாலும் முந்தைய ஆண்டோடு ஒப்பிட வழியில்லை. அடுத்து, பக்கத்துப் பள்ளிகளும் அதே அளவு விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விழுந்திருந்தால் காரணம் மாநிலத்தில் இருக்கிறது.

உங்கள் பள்ளி மட்டும் விழுந்து, அடுத்த வருஷமும் விழுந்தால் பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, பேச இரண்டு மூன்று நிமிஷம் தருவார்கள். அல்ஜீப்ரா 1 வகுப்புகளில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்ற ஒரே கேள்வியோடு போங்கள்.